செக்‌ஷனுக்கு ஒரு சிப்பாய்

"துரோகம் பண்ணுனவன் செத்தான்னு அர்த்தம். செத்தவன்கிட்ட எவனாவது பேசுவானா? நான் பேச மாட்டேன். ஒத்த வார்த்தை பேச மாட்டேன். கடைசி மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்து கூப்பிட்டாலும் சரி, வாயத் திறக்க மாட்டேன்."

வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தப் பிரகடனம் டெல்லி கரோல் பாக்கில், ஒரு தமிழர் சங்கத்தின் பொங்கல் விழாவில், சர்க்கரைப் பொங்கலுக்கு நின்ற வரிசையில் வைத்து வெளியிடப்பட்டது. வெளியிட்டவர் திருவாளர் ஜோதிலிங்கம். காரணம், சங்கத்தின் இணைச் செயலாளர் பதவிக்கு அவர் நின்றபோது, "என் ஓட்டு உமக்குத்தான்" என்று கையடித்துக் கொடுத்த தட்சிணாமூர்த்தி என்பவர், அதே கையை எதிராளிக்குத் தூக்கிவிட்டார். அன்றுமுதல் ஜோதிலிங்கத்தைப் பொறுத்தவரை தட்சிணாமூர்த்தி காலமானவர். வரிசையில் அவர் முன்னால் நின்று தொன்னையில் நெய் வழிய வாங்கிப் போனபோதும் ஜோதிலிங்கம் அவரை ஊடுருவி எதிர்ச் சுவரைத்தான் பார்த்தார்.

பக்கத்தில் நின்ற பச்சைமுத்து, "கரெக்ட்டுண்ணே. மனுசன்னா அப்படித்தான் இருக்கணும்" என்றான்.

ஜோதிலிங்கம் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். டெல்லிக்கு வந்து பதினெட்டு வருடம் ஆகியும் அவருடைய தமிழில் தாமிரபரணித் தண்ணீர் வற்றவில்லை. லோதி ரோடு பக்கம் அரசாங்கக் குடியிருப்பில் இரண்டாம் மாடி. பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் அமைச்சகத்தில் உதவிப் பிரிவு அதிகாரி. அவர் கையில் ஒரு கலை இருந்தது. அதற்கு நோட் போடுவது என்று பெயர். மேலதிகாரி படித்துக் கையெழுத்துப் போடவேண்டிய கோப்பில், விஷயம் என்ன, விதி என்ன, என்ன செய்யலாம் என்று ஆங்கிலத்தில் எழுதிவைக்கிற குறிப்புதான் நோட். ஜோதிலிங்கம் போட்ட நோட்டுக்கு 'முடியாது' என்று எழுத எந்த அதிகாரிக்கும் கை வந்ததில்லை என்பது தலைநகர்த் தமிழ் குமாஸ்தா உலகத்தில் பரவியிருந்த நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்தால் யாரோ ஜோசியர் குடியிருக்கிறார் என்று தோன்றும். மாற்றல் வேண்டுவோர், மாற்றல் வேண்டாதோர், மருத்துவச் செலவைத் திரும்பக் கேட்போர் எல்லோருக்கும் அவர் எழுதிக் கொடுப்பார். அரைமணி நேரத்தில். இலவசமாக.

தன்னுடைய சொந்தக் காரியம் என்று வந்தால் மட்டும் சித்தாந்தம் வேறு. "சொந்த நோட் இட்லி மாவு மாதிரிவே. அரைச்ச உடனே ஊத்தப்பிடாது. ஊறணும், பொங்கணும்." இந்தச் சித்தாந்தத்தால் அவருக்கு ஒரு பதவி உயர்வும் பெரிய குவார்ட்டர்ஸும் ஏற்கெனவே புளித்துப் போயிருந்தன. அவர் அதைத் தரத்துக்குக் கொடுத்த விலை என்று எடுத்துக்கொண்டார்.

இப்படிப்பட்டவருக்கு ராணுவ ஆசை வந்த கதை ஒரு தமிழ் வகுப்பில் தொடங்குகிறது. மகள் பிரியதர்ஷினி ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் தமிழ் உண்டு. அவளுக்குள் தமிழ் அவ்வளவாக இல்லை. தமிழ் டீச்சர் ஒவ்வொரு குழந்தையையும் எழுப்பி, 'அப்பா என்ன செய்கிறார்' என்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார். ஒருத்தியின் அப்பா விமானம் ஓட்டினார். ஒருவனின் அப்பா வழக்காடினார். பிரியதர்ஷினி எழுந்து நின்று, யோசித்து, தனக்குத் தெரிந்த தமிழில் தெளிவாகச் சொன்னாள்:

"என் அப்பா உட்காருவார்."

பெற்றோர் கூட்டத்தில் இதை டீச்சர் சிரித்துக்கொண்டே சொல்ல, ஜோதிலிங்கத்தின் மனைவி செல்வி சிரித்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். வீட்டில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

"தப்பா என்ன சொல்லிட்டா? நின்னுக்கிட்டா வேலை பாக்கியோ?" என்றாள் செல்வி.

சோபாவில் உட்காரப் போன ஜோதிலிங்கம் பாதியில் நிமிர்ந்து, இரவுச் சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

அடுத்த வாரம் டெரிடோரியல் ஆர்மி விளம்பரம் கண்ணில் பட்டது. பிராந்திய ராணுவம் என்று தமிழில் சொல்வார்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் அவரவர் வேலை. இரண்டு மாதம்போல ராணுவ உடை, ராணுவப் பயிற்சி. நாடு கூப்பிட்டால் போகவேண்டும். எழுத்துப் பரீட்சை, நேர்முகம், பிறகு உடம்புச் சோதனை. வயது நாற்பத்திரண்டைத் தாண்டக்கூடாது. ஜோதிலிங்கத்துக்கு அந்த வருடத்தை விட்டால் ஆயுளுக்கும் கிடையாது. அரசாங்க ஊழியராக இருந்தால் ஆபீசில் 'ஆட்சேபணை இல்லை' என்று ஒரு சான்று வாங்கவேண்டும். இந்தக் கடைசி வரியைப் படித்தபோது அவர் புன்னகை செய்ததாகச் சொல்கிறார்கள். பரீட்சைதான் பயமாக இருந்தது. சான்று என்பது நோட் போட்டு வாங்குவதுதானே!

மகளைக் கூப்பிட்டு, "அப்பா யூனிஃபார்ம் போடப்போறேன்" என்றார்.

"ஸச்சி?" நிஜமாகவா என்று கேட்டாள். "தொப்பியும்?"

"தொப்பியும்."

மறுநாளிலிருந்து லோதி தோட்டத்தில் ஓட்டம். பழைய சுல்தான்களின் கல்லறைகளுக்கு நடுவே விடியற்காலையில் அவர் ஓடியதைப் பார்த்த உலாக்காரர்கள், யாரோ எதையோ பறிகொடுத்துவிட்டுத் துரத்துகிறார் என்றே நினைத்தார்கள். வீட்டில் செல்வி, "எல்லையில சைனாக்காரன் வந்தா சுடுவியளா, இல்ல நோட் போட்டு மேல அனுப்புவியளா?" என்று கேட்டாள். போர்க்கால மனோபலத்தைக் குலைக்கும் இதுபோன்ற பிரசாரங்களை அவர் பொருட்படுத்தவில்லை.

வெளியில் அவர் இந்த ரகசியத்தைச் சொன்னது ஒரே ஓர் ஆளிடம். பச்சைமுத்துவிடம்.

பச்சைமுத்து பெரம்பலூர்க்காரன். கலெக்டர் ஆகவேண்டும் என்று டெல்லிக்கு வந்து, முனிர்காவில் ஜன்னல் இல்லாத அறையில் பல வருடம் படித்து, இரண்டு முறை நேர்முகம் வரைக்கும் போய், இரண்டு முறையும் வாய் ஒட்டிக்கொண்டு திரும்பி, கடைசியில் அதே அமைச்சகத்தில் ஜோதிலிங்கத்துக்கு எதிர் மேசைக்கு வந்து சேர்ந்தவன். முதல் டிசம்பரில் அவன் ஒரு மெல்லிய போர்வையோடு பல் கிட்டிப்பதைப் பார்த்துத் தன் வீட்டுப் பஞ்சு ரஜாயைக் கொண்டுபோய்ப் போர்த்தியவர் ஜோதிலிங்கம். அன்றிலிருந்து அண்ணன், தம்பி. மத்தியானச் சாப்பாடு இரண்டு டப்பாவும் கலந்துதான்.

சாப்பாட்டு வேளைகளில் ஜோதிலிங்கம் ராணுவம் பேசினார். தொப்பி எந்தப் பக்கம் சாயவேண்டும், சல்யூட்டில் கட்டைவிரல் எங்கே இருக்கவேண்டும், பூட்ஸ் பளபளப்பில் முகம் தெரியவேண்டுமா அல்லது பல்லும் தெரியவேண்டுமா. பச்சைமுத்து ஆரம்பத்தில் கிண்டல் செய்தான்.

"இந்த வயசுல எதுக்குண்ணே? தொப்பை முன்னால போயி எதிரிகிட்ட சரணடைஞ்சிரும்."

"சிரிலே, சிரி. ஒருநாள் நீயே எந்திரிச்சு நின்னு சல்யூட் அடிப்பே."

மகளின் 'உட்காருவார்' கதையை அண்ணன் திரும்பத் திரும்பச் சொல்ல, போகப்போகப் பச்சைமுத்து சிரிப்பதை நிறுத்திவிட்டான். கேட்டுக்கொண்டிருந்தான். தயிர்சாதம் காய்ந்துபோகிற அளவுக்குக் கேட்டான். சிஷ்யன் உருகுகிறான் என்று அண்ணன் எடுத்துக்கொண்டார்.

ஒருநாள் பச்சைமுத்து தலையைச் சொறிந்தான். "அண்ணே, என் மச்சான் ஒருத்தன் வேற மினிஸ்ட்ரில இருக்கான். அவனும் டெரிடோரியலுக்குப் போடறானாம். ஆபீஸ்ல சான்று வாங்க ஒரு நோட் எழுதித் தரச்சொல்றான்."

"உனக்கு மச்சான் இருக்கானா? சொல்லவே இல்லியே."

"தூரத்து மச்சான்ணே."

ஜோதிலிங்கம் அரைமணி நேரத்தில் எழுதினார். அடுத்தவன் காரியம் என்பதால் பேனா தடையில்லாமல் ஓடியது. முடிவில், தன்னையும் மீறி ஒரு வாக்கியம் வந்து விழுந்தது. ஆங்கிலத்தில் இருந்ததன் சாரம் இது: 'நாற்காலியை விட்டுப் போவதற்காக அல்ல, அதில் உட்காரும் தகுதியைப் பெறுவதற்காகவே இந்த அனுமதியைக் கோருகிறேன்.' எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நல்ல வாக்கியத்தை முகம் தெரியாத மச்சானுக்குத் தாரை வார்க்கிறோமே என்று ஒரு நிமிடம் கை இழுத்தது. பிறகு, தனக்கு இதைவிட நல்லதாக எழுதிக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. இதைவிட நல்லது வரவில்லை. நோட் ஊறியது. ஒரு வாரம் சொற்கள் சரியில்லை. அடுத்த வாரம் சொற்கள் வந்தன, அண்டர் செக்ரட்டரி குப்தாவின் முகம் சரியில்லை. அதற்கடுத்து முகம் மலர்ந்தது, அன்று செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று கோப்பு நகர்த்துவதில்லை என்பது அவர் வைத்திருந்த விரதம். எல்லாம் கூடிவந்த ஒரு வியாழக்கிழமை, ராகு காலம் கழித்து, சலவைச் சட்டையில் குப்தாவின் அறைக்குள் போனார்.

"ஆயியே ஜோதிலிங்கம்ஜி, பைட்டியே" என்றார் குப்தா. உட்காரச் சொன்னால் நிற்பது என்று ஜோதிலிங்கம் சமீபத்தில் ஏற்படுத்திக்கொண்ட கொள்கையின்படி நின்றார்.

குப்தா நோட்டைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. இந்தியில் அவர் சொன்னது: "நீங்களுமா? உங்கள் செக்‌ஷனில் இருப்பதே மூன்று பேர். ஒருவரைத்தான் நான் விடமுடியும். பச்சைமுத்துவுக்குப் போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டேனே."

ஜோதிலிங்கத்துக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"க்யா நோட் தா!" என்று குப்தா தொடர்ந்தார். என்ன நோட் அது! "நாற்காலியை விட்டுப் போவதற்காக அல்ல என்று ஒரு வரி எழுதியிருந்தான், பாருங்கள். வீட்டில் போய் என் மனைவிக்குச் சொன்னேன். அந்தப் பையனுக்கு இப்படி எழுத வருமென்று எனக்குத் தெரியாது. உங்களிடம் கற்றுக்கொண்டிருப்பான், இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் மேசையைத் தட்டியிருப்பான். ஜோதிலிங்கம் யோசித்தார். அது என் வாக்கியம் என்று சொன்னால், அரசாங்க நேரத்தில் ஊராருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த கதையையும் சொல்லவேண்டும். தவிர, பதினெட்டு வருடத்தில் ஒரு மேலதிகாரி தன் வாக்கியத்தை மனைவியிடம் சொன்னது இதுதான் முதல் தடவை. அதைக் கெடுக்கவும் மனம் வரவில்லை.

"ஜி" என்றார். வெளியே வந்தார்.

பச்சைமுத்து டப்பாவைத் திறந்துவைத்துக் காத்திருந்தான்.

"ஏலே, உன் மச்சான் பேரு என்னலே?"

பச்சைமுத்து டப்பாவை மூடினான். "அண்ணே…"

"பேரக் கேட்டேன்."

"என் பொண்டாட்டிக்கு அண்ணன் தம்பியே கிடையாதுண்ணே."

"உனக்கு இன்னும் நாலு வருசம் இருக்குலே. எனக்கு இதான் கடைசி. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ணே."

"பொறவு ஏம்லே?"

"நீங்க பேசிப் பேசித்தாண்ணே. ராத்திரி படுத்தா அந்தத் தொப்பிதான் கண்ணுல நிக்குது. முனிர்கா ரூம்ல அத்தன வருசம் கெடந்து ஒண்ணுமே ஆகல. இதாவது ஆகட்டும்னு…" அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "நீங்க நோட்ட ஊற வச்சுக்கிட்டே இருந்தீங்க. போகமாட்டீங்கன்னுதான் நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேலே."

பச்சைமுத்து உண்மையைச் சொன்னான். "சொன்னா நீங்க மறுநாளே குடுத்துருப்பீங்கண்ணே."

துரோகத்தில் பல ரகம் உண்டு. முன்யோசனையோடு செய்த துரோகத்தை முன்யோசனை இருந்தது என்று ஒப்புக்கொண்டே சொல்வது உயர்ந்த ரகம். ஜோதிலிங்கம் தன் டப்பாவை எடுத்துப் பைக்குள் வைத்தார். "நீ செத்தே" என்றார். அவ்வளவுதான். இரங்கல் கூட்டம் நடக்கவில்லை.

அதன்பிறகு அந்த அறையில் ஓர் இறந்தவரும் அவரைப் பார்க்காத ஒருவரும் எதிரெதிரே உட்கார்ந்து அரசாங்கத்தை நடத்தினார்கள். கைநீட்டினால் எட்டுகிற தூரம். ஆனால் கோப்பு போகவேண்டுமென்றால் ஜோதிலிங்கம் மணியடித்து, வராந்தாவின் கோடியிலிருந்து பியூன் ரவிக்குமாரை வரவழைத்து, "இத எதிர்த்த மேசையில வை" என்பார். ரவிக்குமார் எடுத்து வைப்பான். ஒருநாள் அவன் சுவரைப் பார்த்து, "இந்தியா பாகிஸ்தான்கூட நேரா கொடுத்து வாங்கிக்குதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டில் செல்வி ஆறுதல் சொல்லிப் பார்த்தாள். "போவுது, விடுங்க. அவன் போனது உங்க எழுத்துலதானே? பாதி நீங்க போன மாதிரிதான்."

"எந்தப் பாதி? இடுப்புக்குக் கீழயா, மேலயா?" என்று கேட்டுவிட்டு அவர் பால்கனிக்குப் போய் நின்றார்.

பிரியதர்ஷினி அங்கேயே வந்தாள். "அப்பா, யூனிஃபார்ம் கப் ஆயேகா?" எப்போது வரும் என்று கேட்டாள்.

பாகிஸ்தானோ சீனாவோ கேட்டிருந்தால் அவரிடம் பதில் இருந்திருக்கும். "அளவு சரியில்லம்மா. தைக்கக் குடுத்திருக்கு" என்றார். அவள் போன பிறகும் அவர் உள்ளே வரவில்லை. ஓட்டத்தை அன்றோடு நிறுத்திவிட்டார். ஓடுவதற்கு வாங்கிய ஷூவைச் செல்வி பழைய சாமான்காரனுக்குப் போடப்போனாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

பச்சைமுத்து எழுத்துப் பரீட்சையில் தேறினான். செய்தி செக்‌ஷனுக்கு லட்டு வடிவத்தில் வந்தது. ரவிக்குமார் கொண்டுவந்து வைத்த லட்டை எறும்பு முதலில் கண்டுபிடித்தது. மறுநாள் காலையில் பெருக்குகிறவர் கண்டுபிடித்தார். ஜோதிலிங்கம் கண்டுபிடிக்கவே இல்லை.

அடுத்த கட்டம் நேர்முகம். ராணுவ அதிகாரிகள் மூன்று நான்கு பேர் உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். பச்சைமுத்துவின் முகம் நாளுக்கு நாள் முனிர்கா அறையைப் போல இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு வேளையில் அவன் அறையில் இருப்பதில்லை. ஜோதிலிங்கம் டப்பாவைத் தனியாகத் திறந்து, தனியாக மூடினார். புளிக்குழம்பில் உப்பு இல்லை என்று செல்வியிடம் புகார் சொன்னார். உப்பு இருந்தது.

நேர்முகத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பழைய கோப்பைத் தேடி ஜோதிலிங்கம் ஆவண அறைக்குப் போனார். ரவிக்குமாரை அனுப்பியிருக்கலாம், அவன் டீ குடிக்கப் போயிருந்தான். தூசு படிந்த ரேக்குகளுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் ஆங்கிலத்தில் கேட்டது.

"சார், ஐ வாண்ட் டு சர்வ் த நேஷன், சார்."

ரேக் இடுக்கில் பார்த்தார். பச்சைமுத்து ஓர் இரும்பு அலமாரியின் முன்னால் பிரம்பு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் டை. அலமாரி பதில் சொல்லாததால் அவனே மறுபடி ஆரம்பித்தான். "சார், ஐ வாண்ட் டு… சார்…" வாய் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தான். மறுபடி தொடங்கினான். மறுபடி ஒட்டிக்கொண்டது. அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான்.

ஜோதிலிங்கத்துக்கு அந்தக் காட்சி இனித்திருக்கவேண்டும். இனிக்கத்தான் செய்தது, கொஞ்ச நேரம். தேடிவந்த கோப்பு கையில் கிடைத்துவிட்டது, திரும்பிப் போயிருக்கலாம். வாசல்வரை போனார். அங்கே நின்று, கையிலிருந்த கோப்பின் தூசியைத் தட்டினார். தேவைக்கு அதிகமாகத் தட்டினார். பின்னால் அந்தக் குரல் மறுபடியும் தேசத்துக்குச் சேவை செய்ய முயன்று மூச்சுத் திணறியது. கைடு புத்தகத்திலிருந்து எடுத்த வரி. எந்தக் கர்னலும் காலையிலிருந்து இருபது பேரிடம் கேட்டுக் கொட்டாவி விட்டிருக்கும் வரி. இந்த வரியோடு இவன் உள்ளே போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அப்படியானால் செக்‌ஷனிலிருந்து போனது யார்? ஒருவரும் இல்லை.

கை ஒடிந்த ஒரு நாற்காலி சுவரோரம் கிடந்தது. ஜோதிலிங்கம் அதை இழுத்து வந்து அலமாரிக்கு முன்னால் போட்டு, அதில் உட்கார்ந்தார்.

பச்சைமுத்து பதறி எழுந்தான். "அண்ணே—"

அவர் அவனைப் பார்க்கவில்லை. அவன் டை முடிச்சைப் பார்த்தார். ஆங்கிலத்தில், ஒரு கர்னலின் குரலில், "ஏன் ராணுவத்தில் சேர விரும்புகிறீர்கள், மிஸ்டர் பச்சைமுத்து?" என்று கேட்டார். கர்னல் விண்ணப்பதாரரிடம் கேட்பது பேச்சில் சேராது என்று வாதாட இடமுண்டு. நல்ல நோட் போட்டால் நிற்கும்.

"சார்… ஐ வாண்ட் டு…"

"அது வேண்டாம். உன் சொந்தக் காரணம்." இதுவும் ஆங்கிலம்தான்.

பச்சைமுத்துவின் கண் நிறைந்துவிட்டது. அவன் முக்காலியில் சரிந்து உட்கார்ந்தான். தோள் இரண்டும் தொங்கின. சொல்வதற்கு அவனிடம் இருந்தது ஒரே ஒரு காரணம். அது யாருடையது என்று இருவருக்கும் தெரியும். அவன் அதைத் தொடத் துணியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜோதிலிங்கம் கோப்பை மடியில் வைத்தார். பிறகு கையை நீட்டி, அவன் டையை இழுத்துச் சரிசெய்தார்.

"ஏலே, முதுக நிமித்துலே. கைய ரெண்டும் தொடையில வை. ம். இப்பம் சொல்லு. என்னத்துக்குன்னு நான் உனக்கு எத்தன நாளு சொல்லியிருக்கேன்… அதச் சொல்லு."